பதிவேட்டை மூடாமல் கணினி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனைகளைக் கணினிமயமாக்கும் அறிவிப்புகளை உங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்து வருகிறேன். எத்தனை கோடி ஒதுக்கீடு, எத்தனை மருத்துவமனைகள், எத்தனை கணினிகள் என்ற விவரமெல்லாம் வருகிறது. கையால் எழுதும் எந்தப் பதிவேடு எந்தத் தேதியோடு மூடப்படும் என்பது மட்டும் வருவதே இல்லை. வார்டுகளிலேயே வேலைக்காலத்தைக் கழித்து, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். இத்தகைய திட்டங்கள் தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் இந்த ஒரு விவரத்தைப் பொறுத்ததுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நான் கடைசியாகப் பணியாற்றிய மருத்துவமனையில், கணினி வந்த பிறகு பெண்கள் வார்டில் இரவுப் பணி நடந்த விதத்தைச் சொல்கிறேன். அனுமதிப் பதிவேடு, ஊசி மருந்துப் பதிவேடு, மருந்தும் பொருளும் கேட்டு எழுதும் இன்டென்ட் புத்தகம், பணி ஒப்படைப்புப் புத்தகம், வார்டில் எத்தனை நோயாளிகள் என்ற நள்ளிரவு சென்சஸ் எல்லாம் முன்போலவே கையால் எழுதப்பட்டன. அதே விவரங்களைக் கணினியிலும் ஏற்ற வேண்டும். மூச்சுத் திணறலோடு ஓர் அம்மாள் வந்து சேர்ந்தால், ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, கேஸ் ஷீட்டில் எழுதி, பதிவேட்டிலும் எழுதிவிட்டுத்தான் ஸ்டாஃப் நர்ஸ் திரைக்கு முன் உட்கார முடியும். அங்கே பாராசிட்டமால் என்று தேடினால் மாத்திரை, சிரப், ஊசி என்று வரிசையாக நிற்கும். சரியான வரியைக் கண்டுபிடிப்பதற்குள் பக்கத்துக் கட்டிலில் டிரிப் முடிந்து கூப்பிடுவார்கள். எழுந்து போகாமல் இருக்க முடியுமா? கணினி வேலை காலைப் பணிக்கு வருபவரின் தலையில் விழும். அவர் பதிவேட்டைப் பார்த்து மொத்தமாகத் தட்டச்சு செய்வார். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் திரையில் முந்தைய நாள் நிலவரம்தான் இருக்கும் என்பதால் அவரும் பதிவேட்டையே கேட்பார். மாத அறிக்கையில் மட்டும் எல்லாப் பதிவுகளும் கணினியில் ஏறிவிட்டதாகக் கணக்கு வந்தது.

செவிலியர்கள் மாற்றத்தை விரும்ப மாட்டார்கள் என்று ஆய்வுக் கூட்டங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். என்னை மிகவும் வருத்திய பேச்சு அது. அந்தப் பெண்கள் செல்பேசியில் மின் கட்டணம் கட்டுகிறவர்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி விண்ணப்பம் போடுகிறவர்கள். நோயாளி காத்திருக்கும்போது ஒரே வேலையை இருமுறை செய்யச் சொன்னதைத்தான் அவர்களால் ஏற்க முடியவில்லை.

பழைய பதிவேடுகள் போகாததற்குக் காரணம் இருக்கிறது. தணிக்கைக்கு வருபவர் கையெழுத்திட்ட பதிவேட்டைக் கேட்பார். விபத்து வழக்கில் நீதிமன்றம் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்கும். கணினிப் பதிவே போதும் என்று எங்களுக்கு யாரும் எழுத்தில் தரவில்லை. அப்படியிருக்கும்போது எந்த வார்டு சிஸ்டர் தன் பென்ஷனைப் பணயம் வைத்து எழுதுவதை நிறுத்துவார்? மின்னணுப் பதிவைச் சான்றாக ஏற்க 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே வழி செய்துவிட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த வழி உண்டு. ஆகவே டெண்டர் விடுவதற்கு முன்பே தணிக்கைத் துறையையும் சட்டத் துறையையும் அழைத்துப் பேசி, இன்ன பதிவேட்டுக்குப் பதில் இன்ன கணினிப் பதிவு செல்லும் என்று ஆணை பெற வேண்டும். இது கணினிப் பொறியாளரால் ஆகும் காரியமல்ல. திட்டத்துக்குப் பொறுப்பான உயர் அதிகாரி செய்ய வேண்டிய முதல் வேலை.

நம் மாநிலத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து விநியோகத்தைச் சீர்படுத்தியது. மாவட்டக் கிடங்குகளின் இருப்பைக் கணினியில் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் கொடுத்து, ஒதுக்கிய தொகைக்குள் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கிளம்பாமல், எந்தக் கிடங்கில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்ற ஒரு கேள்விக்கு முதலில் சரியான விடை கண்டார்கள். அதன் பலன் மருந்தாளுநர் கைக்கு நேரே வந்தது. ராஜஸ்தான் 2011-இல் இதே மாதிரியில் தன் கழகத்தை அமைத்துக்கொண்டது.

இங்கிலாந்து அரசு 2002-இல் மருத்துவமனைகளைக் கணினிமயமாக்க, நாடு முழுவதற்கும் மேலிருந்தே ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கி, 2011-இல் அதைக் கலைப்பதாக அறிவித்தது. செலவு ஆயிரம் கோடி பவுண்டை நெருங்கிவிட்டது என்று அந்நாட்டு நாடாளுமன்றக் கணக்குக் குழு பின்னர் சுட்டிக்காட்டியது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சீடர்ஸ் சினாய் மருத்துவமனை, கணினியில் மருந்து எழுதும் முறையை 2002-இல் கொண்டுவந்து, மருத்துவர்களின் எதிர்ப்பால் சில மாதங்களில் நிறுத்தி வைத்தது. பணமோ படிப்போ குறைந்த இடங்களல்ல இவை. வேலை செய்கிறவரின் நேரத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் எங்கேயும் இதுதான் நடக்கும்.

பதிவேட்டை மூடிவிட்டால் கணினி நின்றுபோகும் நாளில் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை இணையத் தாக்குதலுக்கு ஆளாகி, பல நாள்கள் கையால் எழுதியே சமாளிக்க வேண்டியிருந்தது. அதற்காக ஆண்டு முழுவதும் இரட்டை வேலை பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வார்டிலும் அவசரப் படிவங்கள் கொண்ட கட்டு ஒன்று தயாராக இருக்கட்டும். தீயணைப்பு ஒத்திகைபோல அவ்வப்போது கணினியை அணைத்துவிட்டு ஒரு ஷிப்ட் நடத்திப் பழகட்டும். இரவு 2 மணிக்கு மென்பொருள் நின்றாலும் தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். ஒப்பந்த நிறுவனத்துக்கான கடைசித் தவணையை, கணினிகள் வந்து இறங்கியதற்காக அல்லாமல், வார்டில் பதிவேடுகள் முறைப்படி மூடப்பட்ட பிறகே கொடுக்க வேண்டும்.

இன்னும் ஒரு விஷயம். எங்களுக்கு வந்த மென்பொருளில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. நம்மவர்களுக்கு ஏது குடும்பப் பெயர்? ஓ.பி. என்கிற வெளிநோயாளிகள் வரிசை வாசல் வரை நிற்கும்போது ஒருவர் அதில் புள்ளி வைப்பார், ஒருவர் இனிஷியலைப் போடுவார், வேறொருவர் கணவர் பெயரைப் போடுவார். போதாக்குறைக்கு லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க வரும் ஒரே லட்சுமி அம்மாள் இப்படிப் பல எண்களில் பல பேராகிவிடுவார். சென்ற மாத ரத்தப் பரிசோதனை ஓர் எண்ணிலும் இந்த மாத மருந்து வேறோர் எண்ணிலும் கிடக்கும். இதில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஒரு மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டிவிட்டால் யார் பொறுப்பு? மென்பொருளை எழுதுகிறவர்கள் ஒரு திங்கட்கிழமை காலை ஓ.பி. கவுன்ட்டரில் உட்கார்ந்து சீட்டுப் போட்டுப் பார்க்கட்டும். அந்தக் கட்டத்தை அன்று மாலையே எடுத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
மதுரை மாவட்டம்.