திண்டுக்கல் அப்ப வேற நாடு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல மதுரை மாவட்ட வரலாறு படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா 1801-ல ஆற்காட்டு நவாப் கையில இருந்து மதுரைச் சீமை பூராவும் இங்கிலீஷ்கார கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போச்சுன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. அந்த "பூராவும்"ங்கிற வார்த்தைக்காகத்தான் இத எழுதுறேன்.

என் தங்கச்சி மக கவர்மென்ட் பரீட்சைக்குப் படிக்கிறா. கோச்சிங் சென்டர் டெஸ்ட்ல திண்டுக்கல் எப்ப கம்பெனி வசம் வந்துச்சுன்னு கேட்டதுக்கு 1792-ன்னு எழுதியிருக்கா. செவப்பு மையில அடிச்சு 1801-ன்னு திருத்திக் குடுத்திருக்காங்க. "மாமா, நீங்க சொன்னதத்தான எழுதுனேன்"னு பேப்பரோட வந்து நின்னா, எனக்கு மனசே கேக்கல. ஏன்னா புள்ள எழுதுனதுதான் சரி.

திண்டுக்கல் மலைக்கோட்டை மேல ஏறி நின்னு பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். பாறையிலயே வெட்டுன படி, வெயில்ல கால் வைக்க முடியாது, மேல போயிட்டா காத்து ஆள அப்படியே தள்ளும். மேக்க பழனி மலை, கெழக்க சிறுமலை, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற எடவெளியிலதான் மதுரைக்குப் போற ரோடும் ரயிலும் போகுது. வடக்க இருந்து மதுரைக்கு படை வரணும்னா இந்தப் பாறைக்குக் கீழதான் வந்தாகணும். அதனாலதான் நாயக்கர் காலத்துல இங்க கோட்டையக் கட்டுனாங்க, அப்புறம் வந்த அத்தன பேரும் இதுக்கே அடிச்சுக்கிட்டாங்க.

1755-ல ஹைதர் அலி மைசூருக்காக திண்டுக்கல் பவுஜ்தாரா, அதாவது படையோட ஊர ஆளுற அதிகாரியா வந்தாரு. அந்தக் காலத்துல மதுரை ஆற்காட்டு நவாப் கணக்குல, கம்பெனி பட்டாளத்தோட காவல்ல. அந்த மதுரையிலதான் மருதநாயகம்னு சொல்ற யூசுப் கான் கோட்டைக்குள்ள இருந்து அவங்களையே எதுத்து நின்னு, 1764-ல பிடிபட்டு தூக்குல தொங்குனாரு, சம்மட்டிபுரத்துல தர்கா இன்னைக்கும் இருக்கு. அதாவது இன்னைக்கு நாம பஸ்ல ஒன்றரை மணி நேரத்துல போற ரெண்டு ஊரும் அப்ப ரெண்டு வேற அரசாங்கம், நடுவுல எல்லை.

அந்த எல்லை இருந்ததாலதான் வேலு நாச்சியார் கதையே நடந்துச்சுன்னு நான் சொல்லுவேன். 1772-ல காளையார்கோவில்ல அவங்க வீட்டுக்காரர், சிவகங்கை ராஜா முத்துவடுகநாதர நவாப், கம்பெனி படை கொன்னதும் அவங்க எங்க போனாங்க, விருப்பாச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் போனாங்க, விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் அடைக்கலம் குடுத்தாரு, ஹைதர் படை குடுத்தாரு, 1780-ல சிவகங்கையத் திரும்பப் பிடிச்சாங்க. எட்டு வருசம் நவாப் ஆளுங்களால அவங்களத் தொட முடியலைன்னா, அது எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர்க்காரன் மண்ணு. ஸ்கூல் புக்குல எட்டு வருசம் ஒளிஞ்சு வாழ்ந்தாங்கன்னு மட்டும் படிக்கிற புள்ளைக்கு ஏன் திண்டுக்கல்லு, ஏன் ராமநாதபுரம் இல்லன்னு எப்படி தெரியும்?

கோட்டை கை மாறுனத கேட்டா தல சுத்தும். 1767-ல கம்பெனி பிடிச்சான், மறு வருசமே ஹைதர் திரும்பப் பிடிச்சாரு, 1783-ல மறுபடி கம்பெனி, 1784-ல மங்களூர் ஒப்பந்தத்துல திப்புவுக்கே திருப்பிக் குடுத்தான், 1790-ல மறுபடி பிடிச்சான். அடிவாரத்துல வெள்ளாம பாத்த குடியானவன் இந்த வருசம் யாருக்கு கிஸ்தி கட்டுறதுன்னு முழிச்சிருப்பான்ல. கடைசியா 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்துலதான் திப்பு திண்டுக்கல்ல எழுதிக் குடுத்தாரு, அதுவும் நவாப் வழியா இல்ல, நேரா கம்பெனிக்கு. அதுக்கு முன்னாடி 1790-லயே மெக்லியோடுன்னு ஒரு கலெக்டர் இங்க வந்து உக்காந்துட்டாரு. 1801 ஜூலை 31-ல நவாப்கிட்ட எழுதி வாங்குனது மிச்சம் இருந்த மதுரைப் பக்கத்த. ரெண்டு ஒப்பந்தம், ரெண்டு ராஜா, ஒம்பது வருச வித்தியாசம்.

கம்பம் பள்ளத்தாக்கும் அந்த திண்டுக்கல் சீமையில சேந்ததுதான், திருவிதாங்கூரும் கம்பம் கூடலூருக்கு உரிமை கொண்டாடுச்சு. மைசூர் எல்லை போனதுக்கு அப்புறம் மேக்க இருந்த மலைமுகடுதான் எல்லையா நின்னுச்சு, 1886-ல முல்லைப் பெரியாறு அணைக்கு குத்தகை எழுதுனப்ப அந்தப் பக்கம் வேற சமஸ்தானம்ங்கிறதாலதான் 999 வருசக் கணக்கெல்லாம் வந்துச்சு. அது தனிக் கதை, இன்னொரு லெட்டர் எழுதலாம்.

1985-ல திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனப்ப எங்க தெருவுல பல பேரு மதுரையப் பிரிச்சுட்டாங்களேன்னு வருத்தப்பட்டாங்க. ரெண்டும் தனித்தனியா இருந்து பெறகு சேந்ததுன்னு அன்னைக்கு எடுத்துச் சொல்ல எனக்கே தெரியாது.

அதனால ஐயா, அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு திருத்தம் போடுங்க. கூடவே 1780 வாக்குல இருந்த எல்லையக் காட்டி சின்னதா ஒரு மேப்பும் போட்டா ரொம்ப நல்லது, திண்டுக்கல், விருப்பாச்சி, மதுரை, சிவகங்கை நாலு ஊரக் குறிச்சா போதும். தங்கச்சி மக அத வெட்டி எடுத்துட்டுப் போயி அவங்க சார்கிட்ட காட்டுறேன்னு சொல்லியிருக்கா.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்,
வாடிப்பட்டி, மதுரை மாவட்டம்