மிதிவெடி அகற்றுவோருக்கும் ஒரு சிமியூலேட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

இராணுவப் பயிற்சிச் சிமியூலேட்டர்கள், அதாவது நிஜ வேலையைப் போலவே பழக்கும் கருவிகள் பற்றி வந்த உங்கள் ஞாயிறு கட்டுரை, இதெல்லாம் பணக்கார நாடுகளின் விளையாட்டு என்ற தொனியில் முடிந்திருந்தது. எனக்கு அது ஒப்பவில்லை. வன்னியில் இருக்கிறவனுக்கு இராணுவத் தொழில்நுட்பம் என்றாலே வயிறு கலங்கும்தான். என்றாலும் அந்த வரலாற்றில் எங்களுக்கு உதவக்கூடிய ஒன்று கிடக்கிறது.

எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் தகப்பனின் ஓர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஓர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளை வைத்தே 1929இல் விமானப் பயிற்சிக் கருவியைக் கட்டினார். அமெரிக்கப் படை முதலில் கவனிக்கவில்லை. அது பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குத்தான் போனது. 1934இல் விமானத் தபால் சேவை படை விமானிகளின் தலையில் விழுந்து, மோசமான காலநிலையில் சில வாரங்களுக்குள் பலர் இறந்த பிறகே 6 கருவிகள் வாங்கினார்கள்.

1941இல் அமெரிக்கக் கடற்படையில் லூயிஸ் டி ஃப்ளோரெஸ் தொடங்கிய சிறிய பிரிவு, பிற்பாடு ஒர்லாண்டோவில் பெரிய பயிற்சிக் கருவி நிலையமாகியது. தரைப்படையின் பிரிவும் அங்கே வந்தது. பல்கலைக்கழகம் பக்கத்தில், கம்பனிகள் சுற்றிவர. கருவியைப் பாவிக்கிறவரும் செய்கிறவரும் நாளாந்தம் முகம் பார்த்துப் பேசக்கூடியதாக இருந்ததுதான் அங்கே பெரிய விஷயம், பணம் அதற்குப் பிறகுதான்.

சிம்நெற்றைப் பாருங்கள். யுத்தத் தாங்கிப் படையணிகள் கணினி வலையமைப்பில் ஒன்றாகப் பயிற்சி எடுக்கவென்று 1983இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான தார்பா தொடங்கிய திட்டம். தாங்கியின் உட்புறத்தை அச்சு அசலாகச் செய்யவில்லை. பயிற்சிக்குத் தேவையான விசைகள் மட்டும் வேலை செய்தன. அதனால் செலவு குறைந்தது. எதை விடலாம் என்று சொல்ல அந்த வேலையைக் கையால் செய்தவன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்படியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். இரும்பு வாரியால் மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டித் தேடும் முறை எங்கள் மண்ணில் வளர்ந்தது. குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர் அந்த வாரியைப் பிடிக்கிறார்கள். பயிற்சித் தடத்தில் போலி மிதிவெடியைப் புதைத்துவிட்டு நாங்கள் பின்னால் நின்று பார்ப்போம். வாரி எவ்வளவு அழுத்தியது என்று கண்ணுக்குத் தெரியுமா? களைத்த கை மத்தியான வெயிலில் எவ்வளவு கனக்கிறது என்பதும் தெரியாது. அந்தப் போலி வெடிக்குள் ஒரு அழுத்த உணரியை வைத்து, அளவை ஒரு கைபேசியில் காட்டினாலே போதும். ஜொனி என்ற மரப்பெட்டி மிதிவெடிக்கு ஒன்று, பிளாஸ்ரிக் வெடிக்கு ஒன்று. தலையில் மாட்டும் திரையெல்லாம் வேண்டாம், அதில் மண் இல்லை.

யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்களுக்கு இது பெரிய வேலை அல்ல. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையின்படி 2028இல் எங்கள் நிலம் துப்புரவாக வேண்டும், இனி எதற்கு என்று கேட்பார்கள். கெடு முடிந்த பிறகும் கிணறு வெட்டுகிறவன், காணி துப்புரவாக்குகிறவன் கையில் ஏதாவது தட்டுப்படத்தான் செய்யும். அப்போது கூப்பிடுவதற்கு, கை பழகிய ஆட்கள் வேண்டும்.

அகற்றும் நிறுவனங்களிடம் பழைய விபத்து அறிக்கைகள் இருக்கும். பெயர்களை நீக்கிவிட்டுப் பீடத்துக்குக் கொடுக்கட்டும். எந்த இடத்தில் கை தவறுகிறது என்பதை அதிலிருந்து எடுக்கலாம்.

இப்படிக்கு,
முன்னாள் மிதிவெடி அகற்றல் பயிற்றுநர்,
பரந்தன்.