பேட்ரிக் பிராண்டேவைக் கொடுங்கோலராக எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியைகளான பிராண்டே சகோதரிகளின் வாழ்க்கையைக் கட்டுரையாகவும் நாடகமாகவும் படமாகவும் ஆக்கிவரும் அன்பர்களுக்கு,

வணக்கம். 'ஜேன் அயர்' எழுதிய சார்லட், 'வுதரிங் ஹைட்ஸ்' எழுதிய எமிலி, தங்கை ஆன் ஆகிய மூவரைப் பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் அவர்களுடைய தந்தை பேட்ரிக் ஒரே முகத்தோடுதான் வருகிறார். இங்கிலாந்தில் யார்க்‌ஷயரின் ஹாவொர்த் கிராமத்தில், கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் தனியே சாப்பிடும் கடுகடுத்த பாதிரியார். பிள்ளைகளின் வண்ணக் காலணிகளை நெருப்பில் போட்டவர், மனைவியின் பட்டு உடையைத் துண்டுதுண்டாக வெட்டியவர். இதை இன்னும் எத்தனை முறை எழுதப் போகிறீர்கள்?

இந்தக் கதைகள் 1857இல் எலிசபெத் காஸ்கல் வெளியிட்ட சார்லட்டின் வாழ்க்கை வரலாற்றில் வந்தவை. பேட்ரிக்கின் மனைவி மரியா நோயில் கிடந்தபோது பணிவிடை செய்த ஒரு பெண் சொன்னவை. பேட்ரிக் மறுத்தார், மூன்றாம் பதிப்பிலேயே நீக்கப்பட்டன. அந்த நூலை எழுதும்படி காஸ்கலைக் கேட்டுக்கொண்டவரே பேட்ரிக்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். அதே நூல் வீட்டுப் பணிப்பெண்களை ஊதாரிகள் என்றபோது, எண்பது வயதில் பேனாவை எடுத்து அவர்களுக்கு நற்சான்று எழுதிக் கொடுத்தார். தமக்கு நேர்ந்ததைப் பற்றி காஸ்கலுக்கு எழுதியபோது அவர் குரலில் கசப்பு இல்லை. தாம் அமைதியான, அடக்கமான மனிதராக இருந்திருந்தால் இப்படிப்பட்ட பிள்ளைகள் தமக்குப் பிறந்திருக்க மாட்டார்கள் என்றுதான் எழுதினார்.

அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தின் பத்துப் பிள்ளைகளில் மூத்தவர் அவர். 1802இல் கேம்பிரிட்ஜில் கட்டணச் சலுகை பெற்ற மாணவராகச் சேர்ந்தார். 1821இல் மனைவி இறந்தபோது ஆறு பிள்ளைகள், கடைக்குட்டிக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. பிள்ளைகள் மனத்தில் இருப்பதைக் கூச்சமின்றிச் சொல்லட்டும் என்று ஒருநாள் முகமூடி ஒன்றைக் கொடுத்து, அதன் பின்னால் நின்று பேசச் சொன்னார். நான்கு வயதுச் சிறுமி ஆனிடம், உன்னைப் போன்ற குழந்தைக்கு மிகவும் தேவையானது எது என்று கேட்டார். வயதும் அனுபவமும் என்றாள் அவள். நீங்கள் படம்பிடிக்க வேண்டிய காட்சி இதுவல்லவா?

இன்னொன்று: 1846 ஆகஸ்டில் மான்செஸ்டரில் அவருக்குக் கண்புரை அறுவை நடந்தது. மயக்க மருந்து இல்லை. சுமார் பதினைந்து நிமிடம் கண்ணை அறுக்கும்போது அசையாமல் இருந்தார். வீட்டில் வைத்திருந்த மருத்துவப் புத்தகத்தின் ஓரங்களில் அந்த அனுபவத்தைப் பின்னர் குறித்தும் வைத்தார். இருட்டறையில் கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்த அவருக்குத் துணையிருந்த சார்லட், அந்த வாடகை வீட்டில்தான் 'ஜேன் அயர்' எழுதத் தொடங்கினார். அப்பாவின் பார்வை திரும்புமா என்று காத்திருந்த நாள்கள் அவை. அந்த நாவலில் நாயகன் ரோச்செஸ்டர் பார்வையிழப்பதையும், பிறகு ஒரு கண்ணில் ஒளி திரும்புவதையும் படிக்கும்போது எனக்கு அந்த இருட்டறைதான் நினைவுக்கு வருகிறது.

ஊருக்கு அவர் செய்ததை நீங்கள் அறவே விட்டுவிடுகிறீர்கள். ஹாவொர்த்துக்கு நல்ல குடிநீர் வேண்டும் என்று லண்டனுக்கு விடாமல் எழுதியவர் அவர். அதன்பேரில் 1850இல் வந்த சுகாதார ஆய்வாளர் பாபேஜ், அங்கே பிறப்பவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஆறு வயதுக்கு முன்பே இறப்பதாக அறிக்கை தந்தார். அந்தப் பிள்ளைகளை அடக்கம் செய்யும் ஜெபத்தைச் சொல்லவேண்டிய திருச்சபையின் போதகர் பேட்ரிக்தான். தம் ஆறு பிள்ளைகளையும் இழந்தவரும் அவரே.

குறைகளை மறைக்கச் சொல்லவில்லை. உதவிக் குருவான ஆர்தர் நிக்கல்ஸ் 1852இல் சார்லட்டை மணக்கக் கேட்டபோது அவர் கொதித்த விதம் நியாயமே இல்லாதது. 1854 ஜூனில் திருமணத்துக்கு முந்தின இரவு, தேவாலயத்துக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். மகளைக் கைப்பிடித்துக் கொடுத்தது அவளுடைய பழைய ஆசிரியை. அதை அப்படியே எழுதுங்கள். ஆனால் ஒன்பது மாதத்தில் சார்லட் இறந்தபின், அந்த மாமனாரும் மருமகனும் அதே வீட்டில் ஆறு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள். 1861இல் தம் 84ஆம் வயதில் பேட்ரிக் கண்மூடும்வரை அவரைக் கவனித்துக்கொண்டவர் அந்த நிக்கல்ஸ்தான். காலணி எரியும் காட்சிக்கு ஒதுக்கும் பக்கங்களை இந்த ஆறு ஆண்டுகளுக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
பிராண்டே நாவல்களின் வாசகி ஒருத்தி