கொட்டாரத்தில் ஒரு ஆணி

தக்கலை
பிப்ரவரி 2018

அன்புள்ள மக்கா,

ஜெய்ப்பூர் அரண்மனைச் சிற்பக் கண்காட்சியைப் போய்ப் பார், அதுபோல நம்ம பத்மநாபபுரம் அரண்மனையில், அதான் நம்ம கொட்டாரத்தில், ஏன் வைக்கக் கூடாது என்று கேட்டு நீ எழுதிய கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் எழுதாததற்குச் சோம்பல் பாதி, ஒக்கி புயல் பாதி. நவம்பர் 30ஆம் தேதி அடித்த காற்றில் பின்பக்கம் நின்ற அயனி வேரோடு போய்விட்டது. நீயும் நானும் ஏறி அயனிச்சக்கை பறித்த அதே மரம்தான். வீட்டுப் பக்கம் சாயாமல் கிணற்றுப் பக்கம் சாய்ந்தது. தம்பியின் விளையில் ரப்பர் பாதிக்கு மேல் ஒடிந்து கிடக்கிறது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளை நினைத்தால் மரம் போன கதையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அதனால் இதோடு விடுகிறேன்.

சரி, நீ போகச் சொன்ன இடத்துக்குப் போய் வந்தேன். பொங்கல் கழிந்து ஜெய்ப்பூரில் மகள் வீட்டில் இருபது நாள் இருந்தோம். நாகர்கர் கோட்டை ஊருக்கு மேலே மலை விளிம்பில் நிற்கிறது, அதற்குள்தான் மாதவேந்திர அரண்மனை. இரண்டாம் மாதோ சிங் ராஜா தன் ராணிகளுக்காகக் கட்டியது, ஒன்பது பேருக்கும் ஒரே அளவில், ஒரே அமைப்பில், பங்கு பிரித்த மாதிரி ஒன்பது வீடுகள், எல்லாவற்றையும் இணைத்து ஒரு இடைவழி. யார் வீட்டுக்கு ராஜா போகிறார் என்று மற்ற எட்டுப் பேருக்கும் தெரியாதாம். தெரியாமலா இருந்திருக்கும் என்று என் வீட்டுக்காரி கேட்டாள், கைடிடம் பதில் இல்லை.

அந்த அறைகளில்தான் போன டிசம்பரிலிருந்து சிற்பக் கண்காட்சி. டெல்லியில் கேலரி நடத்தும் பீட்டர் நாகி தேர்ந்தெடுத்து வைத்தது. சுபோத் குப்தா, பாரதி கேர், ஜிதிஷ் கல்லத் என்று நீ ஒரு காலத்தில் பத்திரிகையில் வெட்டி ஒட்டி வைத்திருந்த பெயர்களெல்லாம் உண்டு. சுபோத் குப்தா பாத்திரங்களை அடுக்கிச் சிற்பம் செய்து பெயர் வாங்கியவர் என்று இவளுக்கு விளக்கினேன். "அப்போ நம்ம பரணில வந்து ஏறிப் பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

எனக்கு ரொம்பப் புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். சில அறைகளில் நின்று முழித்தேன். ஆனால் ஒன்று கவனித்தேன். சிற்பத்தைப் பார்க்க நின்றவன் அதற்குப் பின்னால் இருந்த சுவரையும் பார்த்தேன். சுவரெல்லாம் மங்கிப்போன பூ வேலை. வெறும் அறையாக இருந்திருந்தால் எட்டிப் பார்த்துவிட்டு ராணி இல்லை, கட்டில் இல்லை என்று அடுத்த அறைக்கு நடந்திருப்பேன். நடுவில் ஒரு புரியாத சாமான் இருந்ததால் நிற்க வேண்டி வந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். "இதை ஏன் நம்ம பத்மநாபபுரத்தில் செய்யக் கூடாது" என்று ரெண்டு பக்கம் கோபமாக எழுதியிருந்தாய். போன செவ்வாய்க்கிழமை டிக்கெட் எடுத்துக் கொட்டாரத்துக்குள் போனேன். நடந்தே போகிற தூரத்தில் இருந்துகொண்டு பதினொரு வருடம் கழித்துப் போகிறேன், வெட்கம்தான்.

மக்கா, அங்கே எங்கே வைப்பாய் சொல்லு. ஜெய்ப்பூரில் அறை காலி, நம்முடையது காலியே இல்லை. முகப்பு மண்டபமான பூமுகத்தில் அண்ணாந்து பார்த்தால் மரத்தில் 90 பூக்கள், ஒன்று போல் ஒன்று இல்லை. ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்குள் போனால் வண்ண மைக்கா வழியாக வருகிற வெளிச்சமே ஒரு படம். தரையோ, சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்தது என்பார்கள், குனிந்தால் என் நரைத்த மீசை தெரிகிறது. அந்தத் தரையில் ஒரு இரும்புச் சிற்பத்தை இறக்க யாருக்கு மனசு வரும்? கொச்சி பினாலே கலைக் கண்காட்சிக்கு முதல் தடவை நாம் சேர்ந்து போனோமே, அங்கே ஆஸ்பின்வால் ஹவுஸ் மசாலாச் சரக்கு ஏற்றி இறக்கிய இடம். ஆணி அடிக்கலாம், மண்ணைக் கொட்டலாம், பெயிண்ட் சிந்தினாலும் யாரும் அழமாட்டார்கள். இங்கே ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்றால் 1956இல் போட்ட மாநில எல்லைக் கோட்டைத் தாண்டித் திருவனந்தபுரத்தில் கேட்க வேண்டும், ஊர் தமிழ்நாடு, கொட்டாரம் கேரளத் தொல்லியல் துறை. அவர்கள் வேண்டாம் என்றால் நான் அவர்கள் பக்கம்தான், நீ திட்டினாலும் பரவாயில்லை.

பிரான்ஸில் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் 2015இல் சிற்பி அனிஷ் கபூர் வைத்த சிற்பத்தில் பெயிண்ட் ஊற்றி, அசிங்கமாக எழுதி வைத்தார்கள் இல்லையா, அந்தப் பயம் எனக்கு இங்கே இல்லை. நம்ம ஆட்கள் பத்து ரூபாய் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால் ஊட்டுப்புரைக்கு வந்ததும் என் வாதம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. கீழே ஆயிரம் பேர், மேலே ஆயிரம் பேர் சாப்பிட்ட இடம். இப்போது பெரிய பரணி ஜாடிகளைத் தவிர நீளமாக, சும்மா கிடக்கிறது. சனங்கள் அதற்குள் நுழைந்த வேகத்திலேயே வெளியே போகிறார்கள். அங்கே மட்டும் ஏதாவது வைக்கலாம். தரையில் நிற்காமல், சுவரைத் தொடாமல், எடுத்தால் சுவடு தெரியாமல். இரண்டாயிரம் பேர் சோறு தின்ற இடத்தில் என்ன வைப்பது என்று நீதான் யோசிக்க வேண்டும், நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

இன்னொன்று. பூமுகத்தில் சுவரில் வரிசையாக இருக்குமே ஓணவில், படம் எழுதிய மரப்பலகை, ஓணத்துக்கு ராஜாவுக்குக் காணிக்கையாக வந்தவை. சின்ன வயதில் அதைப் படகு துடுப்பு என்று நீ சாதித்தது ஞாபகம் இருக்கிறதா? இந்த முறை அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். ஒரு காலத்தில் யாரோ அந்த வருடத்துக்கென்று புதிதாக எழுதிக் கொண்டுவந்து வைத்ததுதானே. அன்றைக்கு அது புதுச் சரக்கு.

ஃபிளெக்ஸ் வந்து உன் போர்டு தொழிலைத் தின்ற பிறகு நீ பிரஷைத் தொடுவதே இல்லை என்று மதினி போனில் சொன்னாள். சாய்ந்த அயனியை அறுத்தாயிற்று. ஆசாரியிடம் சொல்லி நாலடி நீளத்தில் ஒரு பலகையை மட்டும் தனியே இழைத்து, வில் மாதிரி லேசாக வளைவு வெட்டி வைத்திருக்கிறேன். இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது, சித்திரைக்குள் காய்ந்துவிடும். விஷுவுக்கு வந்துவிடு, திங்கட்கிழமை மட்டும் வராதே, கொட்டாரம் லீவு.

உன் பழைய பெஞ்சுக்காரன்