ஈரல் கொடுக்க ஒப்புக்கொண்ட தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

மேலூரிலிருந்து சித்தி நேற்றுப் பேசினார். மாப்பிள்ளைக்கு உன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்க நீ சம்மதித்துவிட்டதாகச் சொன்னபோது அவர் குரலில் அத்தனை நிம்மதி. உன்னைத் தனியாக உட்கார வைத்து யாராவது கேட்டார்களா என்றேன். "புருஷனுக்கு அவள் கொடுக்காமல் யார் கொடுப்பார்கள்?" என்றார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. உன் நிலையில் நிற்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றே இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

தம்பிக்கு ஈரல் கொடுத்ததற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. ஆனால் அறுவை முடிந்த ஒன்பதாம் நாள், என் வயிற்றோடு இணைத்திருந்த வடிகுழாய்ப் பையில் வேப்பெண்ணெய் நிறத்தில் நீர் சேரத் தொடங்கியது. செவிலியரிடம் காட்டியபோது, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். சொந்தபந்தம் முழுவதும் தம்பி இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்துக் கிடந்தது; என் கட்டிலருகே அம்மா மட்டும். மறுநாள் இரவு குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்ட பிறகுதான், ஈரலை வெட்டிய இடத்தில் பித்தநீர் கசிவதைக் கண்டுபிடித்து, வாய்வழியே எண்டோஸ்கோப்பி விட்டுப் பித்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்தார்கள். கூடுதலாக மூன்று வாரம் படுத்திருந்தேன். பித்தக்கசிவு கொடுப்பவர்களுக்கு வரக்கூடியதுதான். உடனே கவனித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கவனிக்க ஆள் வேண்டும்.

2002 ஜனவரியில் நியூயார்க்கில் தன் தம்பிக்கு ஈரல் கொடுத்த 57 வயது அண்ணன் ஒருவர் மூன்றாம் நாள் இறந்துபோனார், தம்பி பிழைத்தார். அந்த அண்ணன் படுத்திருந்த பிரிவில் முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒரே பயிற்சி மருத்துவர் பார்த்துக்கொண்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது.

உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பெரியவர்களுக்குக் கொடுக்க வழக்கமாக ஈரலின் பெரிய பகுதியான வலது மடலைத்தான் எடுப்பார்கள். அது ஈரலில் ஏறத்தாழ 60 விழுக்காடு. உன்னிடம் மிஞ்சுவது 30 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. வளர்ந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். மூன்று மாதத்தில் பெருமளவு வளர்ந்துவிடும் என்பது உண்மையே. வலது மடல் கொடுத்தவர்களில் 200 முதல் 500 பேருக்கு ஒருவர் இறக்கிறார் என்ற உலகக் கணக்கை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆகவே சி.டி. ஸ்கேன் அளவின்படி உனக்கு எத்தனை விழுக்காடு மிஞ்சும், உன் ஈரலில் கொழுப்பு எவ்வளவு, அங்கே இதுவரை கொடுத்தவர்களுக்கு என்னென்ன சிக்கல் வந்தது என்று நீயே கேள். மாப்பிள்ளையைப் பார்க்கும் மருத்துவரைத் தவிர, உன் நலனை மட்டுமே பார்க்கும் மருத்துவர் ஒருவரையும் கேட்டு வாங்கு.

1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்துக்கான 2014ஆம் ஆண்டு விதிகள், கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும் என்கின்றன. அவளது சுதந்திரமான சம்மதத்தை, உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும். அந்த நேரத்தில் மாமியாரோ கொழுந்தனாரோ அறைக்குள் இருக்க வேண்டாம் என்று நீ தயங்காமல் சொல். மயக்க மருந்து கொடுக்கும் வரை நீ மனம் மாறலாம். அப்படி மாறினால், உடல் பொருந்தவில்லை என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லிவிடும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். இதைக் கேட்டு வைத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

கொடுப்பதாகவே நீ முடிவெடுத்தால் தேதியை மட்டும் தெரிவி. திருமங்கலத்திலிருந்து முதல் நாளே வந்துவிடுவேன். எல்லோரும் மாப்பிள்ளையின் வாசலில் நிற்கட்டும். உன் கட்டிலருகே இருந்து பையின் நிறத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் அக்கா