முத்துவுக்கு, அந்தச் செடி விஷயமாக

கோத்தகிரி

அன்புள்ள முத்து,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஜெபா சொல்லித்தான் தெரியும். நீ சொல்லவில்லை. சரி, போகட்டும். இங்கே எல்லோரும் சுகம். குளிர் ஆரம்பித்துவிட்டது, உமாவுக்கு முட்டுவலியும் ஆரம்பித்துவிட்டது. குடும்பச் செய்தி அவ்வளவுதான்.

போனில் பேசினால் "பாத்துக்கலாம் மக்கா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். நீ அனுப்பிய இரண்டு போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ட்ரூரியை என்கிற ஸ்லிப்பர் ஆர்க்கிட் என்று சொல்லி விற்கிற அந்த ஆளிடம் செடி வாங்காதே. முன்பணம் கொடுத்திருந்தால் போனால் போகிறது.

முதல் படத்தில் இருப்பது ட்ரூரியை பூதான். மஞ்சள் பூ, மேலிதழிலும் இரண்டு பக்க இதழ்களிலும் நடுவே கரும்பழுப்புக் கோடு. ஆனால் அது எங்கோ சுட்ட படம், அதை விடு. இரண்டாவது படம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. புள்ளியில்லாத பச்சை இலை. அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, இன்சிக்னே, வில்லோசம் என்று வேறு ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுகளின் இலையும் பச்சைதான். கீழே பார். தரையோடு ஊர்ந்து போகிற நீளமான கிழங்குத்தண்டு, அதன் ஒரு நுனி பிய்ந்து வெள்ளையாகத் தெரிகிறது, வேரோடு புல் சிக்கியிருக்கிறது. நர்சரிச் செடி இப்படி இருக்காது. போலி என்றால் வடசேரி சந்தையில் நீ மாம்பழம் வாங்கிய கதை மாதிரி சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இது அசலாக இருக்குமோ என்பதுதான் என் பயம்.

தென்னிந்தியாவில் இயற்கையாக வளர்கிற ஸ்லிப்பர் ஆர்க்கிட் ட்ரூரியை ஒன்றுதான். உலகத்திலேயே அகத்தியமலைப் பக்கம் மட்டும்தான் உண்டு, புல்சரிவில், பாறை விளிம்பில். கர்னல் ட்ரூரி 1865-இல் பார்த்தார், அதனால் அந்தப் பெயர். அதற்கப்புறம் வியாபாரத்துக்காகப் பிடுங்கிப் பிடுங்கி, அழிந்தே போச்சு என்று நினைத்துக்கொண்டிருந்து, 1970-களில்தான் மறுபடி கண்ணில் பட்டது. 1991-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் செடிகளையும் சேர்த்தபோது முதலில் போட்டது ஆறே வகை. அதில் ஸ்லிப்பர் ஆர்க்கிட்டும் ஒன்று. ஜாமீன் கையெழுத்துப் போடக்கூட என்னால் அங்கே வர முடியாது, சொல்லிவிட்டேன்.

என் தொட்டியில் இன்சிக்னே பூத்திருக்கிறது. அன்றைக்கு ஒரு ஈ அந்தப் பூவின் செருப்பு மாதிரியான பைக்குள் விழுந்ததை உட்கார்ந்து பார்த்தேன். முன்பக்கம் வழுக்குகிறது, ஏற முடியவில்லை. பின்சுவரில் மயிர் வரிசை இருக்கிறது, அதைப் பிடித்து ஏறி, சூல்முடியை உரசிக்கொண்டு, பக்கத்து இடுக்கு வழியாக வெளியே வந்தது. வரும்போது முதுகில் மகரந்தம் அப்பியிருந்தது. அது இன்னொரு பூவுக்குள் விழுந்தால்தான் காரியம். மலையில் பத்துப் புதர் இருக்கிற இடத்தில் ஏழைப் பிடுங்கிவிட்டால் அந்த ஈ எங்கே போய் விழும்? விதை விழுந்தாலும் தூசி மாதிரி இருக்கும், உள்ளே சாப்பாடு கிடையாது, மண்ணில் அதற்கேற்ற பூஞ்சை அமைந்தால்தான் முளைக்கும். அப்புறம் பூக்கப் பல வருஷம்.

இவ்வளவும் போக, அது உன் வீட்டில் பிழைக்காது. 1,400 மீட்டருக்கு மேலே வெயிலும் காற்றும் குளிர்ந்த ராத்திரியுமாக இருந்த செடியை நாகர்கோவில் மொட்டைமாடியில் வைத்து என்ன செய்வாய்? என் இன்சிக்னேயில் ஒரு துண்டு கேட்டிருந்தாய், அதையும் தரமாட்டேன். அங்கே இலை விடும், பூ விடாது. அதற்கும் குளிர்ந்த ராத்திரி வேண்டும்.

உனக்கு ஏற்றது புள்ளி இலைச் செடிகள். 'மாடியே' (Maudiae) என்கிற வகையை நர்சரியில் கேள், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கலப்பினம், திருட்டு பயம் இல்லை. காலோசம், லாரன்சியானம் என்ற இரண்டு இனமும் சேர்ந்து பிறந்தது அது. லேபிள் இல்லாமல் ஏதாவது வந்தால் பூக்கும்வரை பொறு. பக்க இதழின் ஓரத்தில் கறுப்பு மரு இருக்கும். மேல் ஓரத்தில் மட்டும் என்றால் காலோசம் பக்கம், இரண்டு ஓரத்திலும் என்றால் லாரன்சியானம் பக்கம். அப்புறம் பூவின் பை வாசலில் கேடயம் மாதிரி ஒன்று நிற்கும், ஸ்டாமினோடு. இனத்தை உறுதியாகச் சொல்ல அதைத்தான் பார்ப்பார்கள். அதை நேருக்கு நேர் ஒரு போட்டோ எடு. பூவோடு உன் முகம் வேண்டாம்.

வளர்ப்பதில் பெரிய வித்தை இல்லை. மரப்பட்டை, கொஞ்சம் அடுப்புக்கரி, சின்னத் தொட்டி, கிழக்கு வெளிச்சம். மற்ற ஆர்க்கிட் மாதிரி தண்ணீர் சேர்த்து வைக்கிற குமிழ் இதற்குக் கிடையாது, காயவிடாதே. உங்கள் போர் தண்ணீர் உப்பு, மழைத் தண்ணீரைப் பிடித்து வை. ராத்திரி இலைக் கக்கத்தில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும், காலையிலேயே ஊற்று. பூத்த தளிர் மறுபடி பூக்காது, பக்கத்தில் புதுசு வரும். அம்மா வெட்டி எறிந்துவிடாமல் பார்த்துக்கொள்.

ஒன்றுதான் எனக்கு முடிவு தெரியவில்லை. நீ வாங்காவிட்டால் அவன் இன்னொருவனிடம் விற்பான். வனத்துறையில் சொல்லிவிடலாமா? உன் பெயர் இழுபடுமோ என்று யோசனையாக இருக்கிறது. ஜெபாவின் மச்சான் அந்தப் பக்கம்தானே வேலை பார்த்தார்? ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடு, பேசி முடிவு செய்யலாம். அதுவரை அந்த ஆளுக்குப் பதில் போடாதே, போட்டோவையும் அழிக்காதே.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சங்கரன்