உறுதியில் பெயர் இல்லாதவர்கள்

அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் காரியம் பார்க்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்பிவிட்டு, யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடுகளை, நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய அந்த வீடுகளை, இடிக்கச் சொல்லியிருக்கும் புலம்பெயர் உறவுகளுக்கு,

வணக்கம். இடிக்க வேண்டாமென்று மன்றாட வரவில்லை. ஓட்டுக்கூரை தின்னும் காசு எனக்கும் தெரியும். கறையான் அரித்த கைமரத்தை மாற்ற ஆள் பிடிப்பதே பெரும்பாடு. எங்கள் வீடும் தை பிறந்ததும் இடிபடப் போகிறது. நான் கேட்பது ஒரேயொரு நாள். அதற்கு முதல் வீட்டை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

ஆச்சியின், அதாவது எங்கள் அம்மாவின், சீதன உறுதியில் (காணிப் பத்திரத்தில்) நாலு எல்லையும், கிணற்றுப் பங்கும், வழிவாய்க்கால் உரிமையும் இருக்கின்றன. 1990 ஜூனில் போரால் இடம்பெயர்ந்து வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து, எங்கள் விறாந்தையில் ஐந்து வருடம் உலைவைத்த குடும்பம் அதில் இல்லை. அவர்களின் மகனுடைய உயரத்தைக் குறித்த கரிக்கோடுகள் முற்றத்துத் தூணில் இருக்கின்றன. கடைசிக் கோடு 95 புரட்டாதி. அந்த வருடம் ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமமே இடம்பெயர்ந்து மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, ஆச்சியைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு போனது அவர்கள்தான். பெற்ற பிள்ளைகள் நாங்கள் கொழும்பிலும் கனடாவிலும் இருந்தோம்.

கோடிப்புறத்துப் பங்கர் (பதுங்குகுழி) தூர்ந்துவிட்டது. யாழ்தேவி ரயில் நின்றபின் தண்டவாளத்திலிருந்து கழன்று, அந்தப் பங்கருக்கு வந்த சிலிப்பர் கட்டைகள் மட்டும் கிடக்கின்றன. 2014இல் ரயில் திரும்பி வந்தது. கட்டைகளை யாரும் கேட்டு வரவில்லை!

1996இல் ஆச்சி திரும்பியபோது கதவுகள் ஒன்றும் இல்லை. சாமியறைச் சுவரில் சிங்களத்தில் பென்சில் எழுத்து. ஏதோ வசையென்றே பல வருடம் நினைத்திருந்தோம். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து காட்டினால், யாரோ ஒரு சிப்பாய் லீவுக்கு மிச்சமிருந்த நாட்களை எண்ணி எழுதிய கணக்கு. ஆச்சி அதன்மேல் சுண்ணாம்பு பூச விடவில்லை. ஏனென்று சொல்லவுமில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும். துப்பாக்கிச் சன்னம் பட்ட கதவுநிலை, அடுப்புக் கரி பிடித்த அறை, யாரோ மாட்டிய கொளுக்கி. படம் எடுப்பியுங்கள். யார் எந்த வருடம் இருந்தார்கள் என்று அயலில் உள்ள கிழடுகளிடம் கேட்டு எழுதுவியுங்கள். அவர்களும் குறைந்துகொண்டு வருகிறார்கள். ஈழத்து ஆவணங்களை இணையத்தில் சேர்க்கும் நூலகம் நிறுவனம் போன்றவை இத்தகைய படங்களையும் வாய்மொழிக் கதைகளையும் சேர்த்து வைக்கின்றன. வளவின் விலையில் இதனால் ஒரு சதமும் குறையாது.

தூணை உடைக்காமல் கழற்றும்படி மேசனிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பெடியனுக்கு இப்போது நாற்பது வயதாவது இருக்கும். எங்கே இருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆச்சியின் மூத்த மகள்